அமுங்கிய மண்

காலை ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது. தவசிமுத்து பாதிச் சவரத்தில் நின்றுகொண்டிருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஐப்பசி. விடிந்தும் வெளிச்சம் சரியாக வராத காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய காண்ட்ராக்ட் ஆபீசும் வீடும் ஒரே கட்டடம். கீழே ஆபீஸ், மாடியில் அவர். முகத்து நுரையோடு படி இறங்கி வந்து எடுத்தார்.

"மொதலாளி, சந்தனம் பேசுதேன். சேத்தூர்ல இருந்து."

சந்தனம் அவரிடம் பத்து வருஷம் மண் வெட்டியவர். ஏழு வருஷமாக ஒரு போன் கிடையாது.

"சொல்லு சந்தனம்."

"கருத்தையா மேஸ்திரி தவறிட்டாக. விடியக்காலம் நாலு மணி இருக்கும். நெஞ்சு அடைக்கின்னாக, அம்புட்டுதான். சாயங்காலம் எடுக்கோம். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"வாரேன்."

ரிசீவரை வைத்த பிறகுதான் அதில் நுரை ஒட்டியிருப்பதைப் பார்த்தார். துண்டை எடுத்துத் துடைத்தார். நுரை போன பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தூறல் இருந்ததால் மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. பஸ்ஸில் ராஜபாளையம் போய் அங்கிருந்து சேத்தூர் பஸ்ஸுக்கு மாறினார். வலது பக்க ஜன்னல். மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. அந்த அடிவாரத்தில் அவர் தோண்டாத ரோடுகள் குறைவு.

எண்பத்தொன்றில் அவர் எடுத்த முதல் வேலை, செண்பகத்தோப்புப் பக்கம் நாற்பது மின்கம்பங்களுக்குக் குழி. அதுவரை வேறொரு காண்ட்ராக்டரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். கடப்பாரை பிடித்ததில்லை. கிழக்கே இருந்து ஒன்பது ஆட்களைக் கூட்டி வந்தார். மூன்று நாளில் நான்கு குழிதான் ஆயிற்று. நான்காம் நாள், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் காலை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஆளுக கரிசக்காட்டுக்காரகளோ?"

"ஆமா. ஏன்?"

"மண்ணு சிரிக்கி. இங்க மேல இருந்து குத்துனா கடப்பாரதான் வளையும். பாறைக்குப் பக்கத்துல போய் நெம்பணும்."

மறுநாள் அதே ஆள் சேத்தூரிலிருந்து ஆறு பேரோடு வந்து இறங்கினார். அதுதான் கருத்தையா. அன்றிலிருந்து பத்து வருஷம் அவர்தான் மேஸ்திரி.

மின்கம்பம், தண்ணீர்க் குழாய், டெலிபோன் கேபிள் என்று வேலை மாறியதே தவிர, இருவரும் வாதாடுவது மாறவில்லை. தவசிமுத்து ஒன்று சொன்னால் கருத்தையா அதில் ஒரு குறை சொல்லாமல் கடப்பாரையைத் தொடமாட்டார். ஒருமுறை ராத்திரி யானை இறங்கி, அன்றைக்கு மூடிய பள்ளத்தின் மேலேயே நடந்து போயிருந்தது. மண்ணைச் சரியாக இடித்து இறுக்காத இடங்களிலெல்லாம் கால் முழங்கால் அளவு இறங்கியிருந்தது.

"இஞ்சினியர் வரலைன்னு கவலப்பட்டீகளே மொதலாளி," என்றார் கருத்தையா. "பெரியவரே வந்து செக் பண்ணிட்டுப் போயிருக்காரு. எட்டு எடத்துல பாஸ் போடல."

தவசிமுத்துவின் மனைவி கிருபாபாய் எண்பத்தேழில் இறந்துபோனாள். ஒரே மகள் தூத்துக்குடியில். அதன்பிறகு அவர் மாதத்தில் பாதி நாள் வேலையிடத்துக் கொட்டகையிலேயே தங்கினார். கருத்தையாவும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டார். துக்கம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் எத்தனை அடி தோண்டுவது என்றுதான் பேச்சு.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தோண்டி மூடிய மண், முதல் பெருமழைக்கு அமுங்கும். எவ்வளவு இடித்தாலும் அமுங்கும். பில் பாஸான பிறகு அதைத் திரும்பிப் பார்க்கிற காண்ட்ராக்டர் கிடையாது. கருத்தையா விடமாட்டார். ஐப்பசி மழை ஒரு வாரம் அடித்து ஓய்ந்ததும் இருவரும் சட்டி, மண்வெட்டி, இடிக்கிற திமிசுக்கட்டையோடு போய், அந்த வருஷம் மூடிய பள்ளத்தின் நீளம் முழுக்க நடந்து, அமுங்கிய இடத்தில் சரளை போட்டு இடித்துவிட்டு வருவார்கள். கடைசியில் கருத்தையா வேரோடு கோரைப்புல்லைப் பிடுங்கி, சாணுக்கு ஒன்றாக மேலே செருகுவார். மழை மண்ணை அரிக்காமல் இருக்க. அதை வேறு யாரும் செய்து தவசிமுத்து பார்த்ததில்லை.

தொண்ணூற்றொன்றில், சேத்தூருக்கு மேற்கே மலைக்குப் போகிற ரோட்டில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை வந்தது. ஐந்து வருஷம் முன்பு அதே ரோட்டில் டெலிபோன் கேபிள் புதைத்தவர்களும் அவர்களே. புதைத்த இடங்களைத் தவசிமுத்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். 'ஓடைப்பாலம் தாண்டிப் புளியமரம். மரத்திலிருந்து வடக்கே ஒன்பது அடி.' குறிப்பில் பிழையில்லை. ஆனால் அங்கே முன்பு இரண்டு புளியமரங்கள் இருந்தன. ரோட்டை அகலப்படுத்தியபோது ஒன்றை வெட்டிவிட்டார்கள்.

"இது அந்த மரம் இல்ல மொதலாளி," என்றார் கருத்தையா. "அத வெட்டிட்டாக. இந்த முப்பது அடிய மிஷின விட்டுட்டுக் கையால தோண்டுவோம்."

"நோட்டுல எழுதியிருக்குல்லா."

"நோட்டா நின்னு மரத்தப் பாத்துச்சு? நான்லா பாத்தேன்."

ஆட்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் தவசிமுத்துவும் சிரித்திருப்பார். வாடகைக்கு எடுத்த மிஷின் சும்மா நின்றுகொண்டிருந்தது. மறுநாள் அதிகாரி பார்க்க வருகிறார். குழாய் இணைப்புச் சாமான் வாங்கி வரச் சொல்லிக் கருத்தையாவை ராஜபாளையத்துக்கு அனுப்பிவிட்டு, மிஷினை ஓட்டச் சொன்னார். இரண்டாவது அள்ளலில், கேபிளுக்கு மேல் அடையாளத்துக்கு அடுக்கிய செங்கல் உடைந்து வந்தது. அவர் கையைத் தூக்குவதற்குள் கறுப்பாகக் கேபிளும் வந்தது. அடிவாரத்து ஊர்களில் இரண்டு நாள் போன் இல்லை.

விசாரணைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். தவசிமுத்து உள்ளே, கருத்தையா கதவுக்கு வெளியே. கதவு திறந்துதான் இருந்தது.

"எடத்தக் காட்டுனது யாரு?" என்றார் அதிகாரி.

காண்ட்ராக்டர் பதிவே போய்விடும் என்று முந்தின நாள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மேஸ்திரி காட்டுன எடம் சார்."

வெளியே வந்ததும் தவசிமுத்து டீ சொன்னார். கருத்தையா வாங்கி, பொறுமையாகக் குடித்து முடித்தார். "வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன் மொதலாளி," என்றார். பதினெட்டு நாள் வந்தார். கடைசி அடி வரைக்கும் இடித்து மூடி, சாமான்களைக் கொட்டகையில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். அந்த மேஸ்திரியை இனி அரசாங்க வேலையில் வைக்கக் கூடாது என்று பிறகு ஓலை வந்தது. கருத்தையா அதன்பிறகு ஊரில் வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டிக் குழி எடுத்துப் பிழைத்தார்.

அதற்குப் பின் வந்த மேஸ்திரிகள் எல்லாவற்றுக்கும் "சரிங்க மொதலாளி" என்றார்கள். சில நாள் தவசிமுத்து வேண்டுமென்றே ஆழத்தைத் தப்பாகச் சொல்லிப் பார்ப்பார். அதற்கும் "சரிங்க". வேலை பெருகியது. மாடியில் ஒற்றைத் தட்டில் சாப்பிடும்போது, இன்றைக்கு யாரும் நம்மை மறுத்துப் பேசவில்லை என்று தோன்றும்.

கேபிள் அறுந்த வருஷம் மழை ஓய்ந்ததும் அவர் மட்டும் மோட்டார் சைக்கிளில் சட்டியும் மண்வெட்டியும் கட்டிக்கொண்டு ஓடைப்பாலத்துக்குப் போனார். நிரப்ப ஒன்றுமில்லை. சரளை போட்டு இடித்து, மேலே சாணுக்கு ஒரு கோரைப்புல் செருகியிருந்தது. பாலத்துச் சுவரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

வெட்டிக் கிளறின இடம், பக்கத்திலேயே ஓடை. அது வருஷா வருஷம் அமுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவர் போனார். ஒவ்வொரு வருஷமும் வேலை முடிந்திருந்தது. இரண்டு நாள் முன்னால் போனால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே பிந்திப் போனார். சொல்ல வேண்டியது நாலு வார்த்தைதான்: அன்னைக்கு நான் பொய் சொன்னேன். இந்த வருஷம் முன்கூட்டியே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார். மழை விடட்டும் என்று இரண்டு நாள் பார்த்தார்.

சேத்தூர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கருத்தையாவை நீளப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நகக்கண்ணில் செம்மண் இருந்தது. மனைவி வேலுத்தாய் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தவசிமுத்து மாலையைப் போட்டுவிட்டு, கூட்டம் விலகும் வரை காத்திருந்து, அவள் பக்கத்தில் குனிந்தார்.

"வேலுத்தாயி, அன்னைக்கு ஆபீசுல நான்..."

"தெரியும் மொதலாளி. வெளியதான நின்னாக."

"ஏதும் சொன்னானா?"

"என்னத்தச் சொல்ல. 'பயந்துட்டாரு'ன்னாக. அம்புட்டுதான்." முந்தானையால் கணவரின் நெற்றியைத் துடைத்தாள். "நேத்துக்கூட மழையோட மழையா அந்தப் பாலத்துக்குத்தான் போனாக. எதுக்கு இந்த வயசுல, யாரு கேக்கான்னு ஏசுனேன். 'மிச்சத்த நாளைக்குப் போட்டுக்கிடுதேன்'ன்னு சொல்லிட்டுப் படுத்தாக."

"என்னயக் கேட்டானா? எப்பவாச்சும்?"

வேலுத்தாய் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு.

"ஒங்க வண்டித் தடத்தப் பாத்தேன்னு ஒரு வருசம் சொன்னாக. வேற ஒண்ணும் இல்ல மொதலாளி."

இடுகாட்டில் குழியைப் பழைய ஆட்களே எடுத்தார்கள். சந்தனம் பக்கச்சுவரை நூல் பிடித்ததுபோல் செதுக்கியிருந்தார். தவசிமுத்து ஒரு கை மண் போட்டார். மூடி மேடாக்கியபோது, இன்னும் ரெண்டு சட்டி கூடப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். "மழைக்கு அமுங்கும்லா, பொறவு வந்து போடுவோம்," என்றார் சந்தனம். சொல்லிவிட்டுத் தவசிமுத்துவைப் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருட்ட இன்னும் நேரமிருந்தது. சந்தனத்தின் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனார். ஓடையில் செந்நிறத் தண்ணீர் இரைந்து ஓடியது. பாலத்திலிருந்து புளியமரம் வரைக்கும் சரளை போட்டு இடித்து, புல் செருகியிருந்தது. சில புற்கள் அதற்குள் தலை நிமிர்ந்திருந்தன. மரத்துக்கு அப்பால் பள்ளம் ஒரு சாண் ஆழத்துக்கு அப்படியே கிடந்தது. அதில் மழைத்தண்ணீர் நின்றது. ரோட்டோரம் சரளை ஒரு குவியல் இருந்தது. அதன் மேல் வேரோடு பிடுங்கிய கோரைப்புல் ஒரு கட்டு.

தவசிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளத்தின் ஓரமாக அடி மேல் அடி வைத்து அளந்தார். பதினொரு அடி. சரளை ஆறு சட்டி தேறும். கருத்தையா விட்ட மிச்சம். இனி அதைப் போட வேண்டியது அவர்தான்.