நைனாவுக்குப் போட்ட பச்சைத் தரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் இருக்கிறது. திருத்தணியில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். என் கணவர் ஆசைப்பட்டுக் கட்டியது. கொஞ்சம் பெரிய தண்ணீர்த் தொட்டி என்றுதான் சொல்ல வேண்டும். எதற்கு இந்தக் கூத்து என்று நான் சண்டை போட்டேன். கடைசியில் அதில் தினமும் இறங்கியவர் நைனா ஒருவர்தான்.

நைனா என்றால் என் அப்பா. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். நெடுநாள் சர்க்கரை, அதோடு மூட்டுத் தேய்மானம். ஒருமுறை மலைக்கோயில் படியில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். கைத்தாங்கலாகத்தான் இறக்கிக் கொண்டு வந்தோம். அங்கேயே வேண்டிக்கொண்டாராம், சொந்தக் காலால் ஏறி வந்து கும்பிடுகிற வரைக்கும் செருப்பு போடுவதில்லை என்று. மேலே வரைக்கும் கார் போகிறதே, காரில் போய் முடித்துவிடலாம் என்று சொன்னால் முறைப்பார். தண்ணீருக்குள் நடந்தால் மூட்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து, காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பார். அவர் அந்தப் படியை ஏறிவிட வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் தவிப்பு.

குளத்தைச் சுற்றிப் பளபளவென்று டைல்ஸ். ஒருநாள் ஈரக்காலோடு மேலே வந்தவர் வழுக்கி, குளத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அன்றைக்கே கணவரிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கண்ணாடி மாதிரித் தரையைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போடுங்கள் என்று.

சென்னைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். டைல்ஸை உடைத்து, ஜல்லித்தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து இறுக்கினார்கள். பாய் மாதிரி சுருட்டி வந்த புல்லை விரித்து, இணைப்பு தெரியாமல் பசை வைத்து ஒட்டினார்கள். மேலே மணலைத் தூவி, துடைப்பத்தால் எதிர்ப்பக்கமாகக் கூட்டிப் புல்லை நிமிர்த்தினார்கள். மேஸ்திரி கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெயில்ல இது நல்லா சூடேறும்மா. தண்ணி அடிச்சா கொஞ்ச நேரம் தாங்கும். செருப்பு போட்டுகினு நடந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"எங்க நைனா செருப்பு போட மாட்டாருங்க."

"சாமிக்கா?"

"ஆங்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். சாமிக்கு என்றால் யார்தான் என்ன சொல்ல முடியும்? நைனா குளத்தில் இறங்குவது வெயில் ஏறுவதற்கு முன்னால்தானே என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை நைனா அதில் நடந்து பார்த்துவிட்டு, "மெத்துனு கீதும்மா" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அது நல்ல வெயில் காலம். ஒரு மத்தியானம் அப்பளம் பொரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நைனா கைத்தடி இல்லாமல் புல்லில் தனியாக நடந்துகொண்டிருந்தார். கோடி வரைக்கும் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். முதுகு நிமிர்ந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஆடிக் கிருத்திகைக்கு ஏறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கூப்பிட்டால் நின்றுவிடுவாரோ என்று சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் மனசு கேட்காமல் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று வெறுங்காலோடு வெளியே ஓடினேன். புல்லில் ஒரு கால் வைத்ததுதான் தெரியும். தோசைக்கல்லில் மிதித்த மாதிரி இருந்தது. துள்ளிப் பின்னால் வந்து விழுந்தேன்.

நைனா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாமா, இந்தக் குதி குதிக்கிற?"

"நைனா, இப்படி வந்துடுங்க. கொதிக்குது."

"எனக்கு ஒண்ணும் சுடலியே."

அதைப் பெருமையாகச் சொன்னார். செருப்பைத் தூக்கிப் போட்டதற்கு முருகன் கொடுத்த வரம் என்றே நினைத்திருப்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவரை இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் தோல் வெளுத்துக் கழன்றிருந்தது. விரலுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அவரும் குனிந்து, யாரோ அடுத்த வீட்டுப் பிள்ளையின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது எப்போம்மா ஆச்சு?" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. டைல்ஸ் என்றால் வழுக்குகிறது, புல் என்றால் சுடுகிறது, செருப்பு என்றால் சாமி குறுக்கே நிற்கிறார். மேலே பந்தல் போட்டுவிடலாம் என்று கணவர் போனில் சொன்னார். பந்தல் போடலாம்தான். அந்தக் காலுக்கு என்ன போடுவது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடும்போதும் நைனா முகம் சுளிக்கவில்லை. அவருக்கு ஒரே கவலைதான்.

"இது ஆறிச்சின்னா படி ஏறலாங்களா?"

"உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு முதல்ல பாத்துடலாம். கண்ணை மூடிக்கோங்க. கால்ல படறது தெரிஞ்சா சொல்லுங்க."

மெல்லிய நைலான் இழை ஒன்றால் டாக்டர் புண் இல்லாத இடமாகப் பார்த்துத் தொட்டார். "தெரியுதுங்க" என்றார் நைனா. விரலில் தொட்டார். "ஆங், தெரியுது." எனக்கு மூச்சு வந்தது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இழையை மேஜை மேல் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டார்.

நைனா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, "ஆங், இப்பவும் தெரியுதுங்க" என்றார்.