கனகராயன்குளத்தில் ஐயர் காத்து நின்ற பாட்டு

கனகராயன்குளத்துக்கு யாராவது சுற்றுலா போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஜன்னலால் பார்த்துவிட்டு மறந்துபோகும் ஊர் அது. நான் கடந்த ஆனியில் அங்கே போனது செல்வராணி கூப்பிட்டதால். கொழும்பில் நாங்கள் மூன்று வருடம் ஒரே போர்டிங்கில் இருந்தோம். மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. அவர்கள் பக்கத்து அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஊரில் ஒரு பகுதியினரின் பொறுப்பு. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இந்த முறைதான் முதன்முதலாக ஒரு நாள் கிடைத்திருந்தது. அதற்காகப் பல வருடம் கேட்டுத் திரிந்த செல்வராணியின் அப்பா, கிடைப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

கொழும்பு கோட்டையில் காலை ரயில் ஏறி, மத்தியானம் தாண்டி வவுனியாவில் இறங்கினேன். அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் சரி. முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம் பிடித்தது. பஸ் கட்டணத்தை எழுதினால் நீங்கள் போகும்போது மாறியிருக்கும். சந்தியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டருக்கு ஓட்டோ ஐந்நூறு ரூபா. குறைத்துக் கேட்டேன், மசியவில்லை. பதிலுக்கு ஊர்ச் செய்தி சொன்னார் ஓட்டோக்காரர்.

“நாளைக்கு மலைநாட்டு ஆக்களின்ர திருவிழா. தேவாரம் ஆர் படிக்கப் போகினம் எண்டதுதான் இப்ப ஊரில கதை.”

இதில் கதைக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் எதைப் பாடினாலும் அம்மாவுக்கு அது தேவாரம்தான். சென்னைத் தோழி ஒருத்தி, அப்படிக் கண்டதற்கெல்லாம் அந்தப் பெயர் சொல்லக்கூடாது என்று ஒருமுறை என்னோடு சண்டை பிடித்தாள். யார் சொல்வது சரி என்று இன்றுவரை நான் தேடிப் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது செல்வராணி விளக்கினாள். அந்தக் கோயிலில் பூசையின் நடுவே ஐயர் “தேவாரம்” என்று குரல் கொடுத்துவிட்டு நிற்பார். அன்றைய திருவிழாக்காரரில் ஒருவர் படிக்கவேண்டும். படித்து முடியும்வரை பூசை நகராது. நாளைக்குப் படிக்கப்போவது அவள்தான். ஆனால் அவள் படிக்க நினைத்திருந்தது, மார்கழிப் பஜனையில் அவளுடைய அப்பா முன்னின்று பாடிய அம்மன் பாட்டு.

“பள்ளிக்கூடத்துல படிச்ச தேவாரம் எனக்கும் தெரியும் அக்கா. ஆனா எங்க அப்பா பாட்டு ஒரு நாளாவது அந்தக் கோயிலுக்குள்ள கேக்கணும்.”

அது தேவாரமா என்று கேட்டேன். சாமிக்குப் பாடுவதுதானே என்றாள். தலையாட்டிவிட்டு நான் இன்னொரு இடியப்பம் எடுத்தேன்.

மறுநாள் காலைப் பூசையில் ஐயர் குரல் கொடுத்தார். செல்வராணி தொடங்கினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்தது. ஐயர் முதுகைக் காட்டியபடி அப்படியே நின்றார். மணியும் இல்லை, கற்பூரமும் இல்லை. என்ன நடக்கிறதென்று ஆளையாள் பார்த்தோம். அப்போது ஆண்கள் பக்கம் நின்ற ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு வேறொரு தேவாரம் எடுத்தார். பெயர் சிவபாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்ற குடும்பம், நெல் செய்கிறார். மற்ற நாட்களில் பெரும்பாலும் அவர்தான் படிப்பாராம். படித்து முடித்து “திருச்சிற்றம்பலம்” என்றார். உடனே மணி அடித்தது.

செல்வராணி அன்னதானத்தில் கைவைக்கவில்லை.

“எங்க பாட்டு தேவாரம் இல்லைன்னுதானே அவரு திரும்பப் படிச்சாரு” என்றாள். பின்னேரப் பூசைக்கு வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விருந்தாளி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தெரியும். ஆனாலும் கிணற்றடியில் அன்னதானம் சமைத்த பெரிய கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்த சிவபாதத்திடம் போய் நேராகவே கேட்டுவிட்டேன். மனிதர் திகைத்துப்போனார்.

“நான் குறை பிடிக்கேல்லை பிள்ளை. படிச்சு முடிய திருச்சிற்றம்பலம் சொல்லுறது வழமை. அதைக் கேட்டுத்தான் ஐயர் மணியை எடுப்பார். அவா சொல்லேல்லை. முடிஞ்சுதோ இல்லையோ எண்டு ஐயருக்கும் விளங்கேல்லை, எனக்கும் விளங்கேல்லை. பூசை நிக்குதே எண்டுதான் நான் படிச்சனான்.”

செல்வராணியின் ஆட்கள் பாடும் பஜனையில் அப்படி எதுவும் சொல்வதில்லை. தாளம் ஓய்ந்தால் பாட்டு முடிந்தது. அப்படியானால் அவள் படித்தது தேவாரமோ என்று கேட்டேன். கிடாரத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு யோசித்தார். தனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவள் நன்றாகப் படித்தாள் என்றார். போன குழப்பத்தோடேயே திரும்பி வந்தேன்.

நான் கொண்டுவந்த விளக்கத்தைச் செல்வராணி பாதிதான் நம்பினாள். நான் இழுத்துக்கொண்டு போனதால் பின்னேரம் வந்து எல்லாருக்கும் பின்னால் நின்றாள். ஐயர் “தேவாரம்” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சிவபாதம் திரும்பி, கூட்டத்துக்குள் அவளைத் தேடிப் பிடித்தார்.

“பிள்ளை, காலமை படிச்ச தேவாரத்தை இன்னொருக்காப் படியுங்கோ. முடிவில நான் சொல்லுறன்.”

அவள் பாடினாள். இந்த முறை அவளுடைய ஆட்கள் கைதட்டி, பின்பாட்டும் எடுத்தார்கள். தேவாரத்துக்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை. சிவபாதமும் பார்த்திருக்கமாட்டார், முழித்துக்கொண்டு நின்றார். ஆனால் கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, “திருச்சிற்றம்பலம்” என்றார். மணி அடித்தது. செல்வராணி என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: வவுனியாவில் ஒரு நேரச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறுங்கள். உள்ளூரில் இருட்டினால் ஓட்டோ கிடைப்பது கஷ்டம், காலையிலேயே பேசி வையுங்கள். பூசை நேரத்தில் முன்னால் நிற்காதீர்கள், விருந்தாளி என்று உங்களையே படிக்கச் சொல்லிவிடுவார்கள். தேவாரம் என்றால் என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள், போவதற்கு முன்பிருந்ததைவிட இப்போது கூடக் குழம்பிப்போயிருக்கிறேன். அந்தக் கோயிலில் படிக்கும் தேவாரங்களில் ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அது செல்வராணியின் அப்பா பாடியது.