ரிங் போவுது... யாரும் எடுக்கல

போன வாரம் விக்கிரவாண்டியைத் தாண்டியதும் என் கார் நின்றுவிட்டது. கொஞ்சம் புகை, கருகிய ரப்பர் வாடை, அவ்வளவுதான். விழுப்புரத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்கு லொகேஷன் அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் பைக்கில் வந்தார். பெல்ட் அறுந்திருக்கிறது என்றார். மாட்டினார், போய்விட்டார்.

இதைப் பள்ளித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டது என் தப்பு!

சம்பந்தம் உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். "இன்னாடா பெரிய லொகேஷன்? அந்தக் காலத்துல ரோட்டுல ஒரு வண்டி நின்னா ஊரே ஓடியாரும். தண்ணி குடுப்பான், சோறு போடுவான், கூட நின்னு வண்டியத் தள்ளுவான். செல்போன் வந்துச்சு, மனுசத்தனம் பூடுச்சு!"

வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள் விழுந்தன.

சம்பந்தம் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டு வண்டி நின்றிருந்தால் ஊரே ஓடி வந்துதான் இருக்கும். எங்கள் வண்டியும் ஒருநாள் நின்றது...

அக்கா செல்வியின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு விழுப்புரம், மண்டபமும் அங்கேதான். வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். திண்டிவனம் பக்கத்தில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. காலை ஏழு மணிக்கே வேனில் கிளம்பிவிட்டோம். மெயின் ரோட்டைத் தொட இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஆக்சில் உடைந்தது.

அந்த ரோட்டில் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலை பஸ் போயாகிவிட்டது. முகூர்த்தப் பட்டுப்புடவையோடு அக்கா வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

மண்டபத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்பிவிடுவார்கள். அப்பாவும் நானும் பக்கத்து ஊருக்கு ஓடினோம். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். எனக்குப் பத்தொன்பது வயது.

முதலில் மூன்று வீடுகளில் சைக்கிள் கேட்டோம். "எந்த ஊரு?" என்றார்கள். சொன்னோம். "ஊர்லியா, காலனியா?" என்றார்கள். அதையும் சொன்னோம். சைக்கிள் இல்லை என்றார்கள். மூன்று வீட்டு வாசலிலும் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது!

அந்த ஊரில் போன் இருந்தது ஒரே வீட்டில். மாடி வீடு. அதன் சொந்தக்காரர் அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவரும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்டார்.

"காலனிங்க. பொண்ணு ரோட்டுல நிக்குதுங்க. ஒரே ஒரு போன் மட்டும்..." என்றார் அப்பா.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ அங்கியே நில்லு. நம்பரு கீதா? நானே போட்டுப் பாக்கறேன்."

கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்து நம்பர் இருந்தது. அப்பா அதை நீட்டினார். "மதில் மேல வையி" என்றார் அவர். வைத்த பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

போன் ஜன்னலோரம் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அப்போதெல்லாம் எண்களைச் சுழற்றும் போன். யாரும் கண்டபடி பேசிவிடக் கூடாது என்று டயலில் குட்டிப் பூட்டு ஒன்று மாட்டி வைப்பார்கள். பூட்டைத் திறக்காமல் அந்த டயலைச் சுழற்ற முடியாது.

அவர் ரிசீவரை எடுத்தார். காதில் வைத்தார். விட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ரிங் போவுது... யாரும் எடுக்கல" என்றார்.

முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் யாரும் போன் எடுக்கவில்லையாம்! அப்பா கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பத்தொன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். வேனில் பெண்கள் இருந்தார்கள். பயந்தேன் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பயந்துதான் போனேன்.

ஒன்பதே முக்காலுக்கு மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அந்த வழியாக வந்தது. டிரைவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எங்களை ஏற்றிக்கொண்டார். மண்டபத்தில் இறங்கியபோது மணி பதினொன்றே கால். ராகு காலம் முடிந்து பன்னிரண்டுக்கு மேல்தான் தாலி ஏறியது. மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்த வீட்டில் ஒரே பெயர்தான். நேரங்கெட்டவள். மாடு செத்தால் அவள், மாமாவுக்கு வேலை போனால் அவள், முதல் குழந்தை தங்காமல் போனதற்கும் அவளேதான். மாமியார் கண்ணை மூடும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

அப்பாவோ அந்தக் கதையை எப்போது சொன்னாலும், "மாடி வீட்டுக்காரரு நல்லவரு, பாவம், போன் போட்டுப் பாத்தாரு" என்றுதான் முடிப்பார். நாற்பது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அப்பா ஒருவரையாவது நல்லவராக நினைத்துக்கொண்டு இருக்கட்டுமே...

சம்பந்தத்தின் வாய்ஸ் மெசேஜ் ஓடியபோது அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். எண்பத்து நான்கு வயது, காது மட்டும் கூர்மை. "வாஸ்தவம்தான். அந்த மாடி வீட்டுக்காரரு கூட அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "போன்ல பூட்டு தொங்கிக்கினு இருந்துச்சுப்பா! அவரு யாருக்கும் போன் போடல. நான் பாத்தேன்!"

"நானும்தான் பாத்தேன்" என்றார் அப்பா.

"பின்ன ஏம்ப்பா நல்லவரு, நல்லவருன்னு...?"

"மத்தவங்க சைக்கிள கண்ணெதிர வெச்சிக்கினே இல்லன்னாங்க. இவரு உள்ள போயி, ரிசீவர எடுத்து, எனக்காக ஒரு நிமிஷம் நடிச்சாருடா. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல அவருக்கு வெக்கமா இருந்துச்சு. நம்மகிட்ட அப்போ யாருடா வெக்கப்பட்டாங்க?"

எனக்கு அந்த மாடி வீட்டுக்காரர் மேல் இருந்த கோபத்தைவிட, இவ்வளவு கொஞ்சத்துக்கு என் அப்பா நன்றி சொல்ல வேண்டியிருந்ததே என்ற கோபம் அதிகமாக வந்தது.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டேன். பூட்டு விஷயத்தை முதல்முறையாகச் சொன்னேன். அவர் போன் போட்டிருந்தால் கார் வந்திருக்கும், முகூர்த்தத்துக்குள் போயிருப்போம் என்றேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

மெதுவாகத்தான் கேட்டாள். "அப்போ என் நேரம் நல்லாத்தான் இருந்துச்சாடா?"

அக்காவுக்கு இப்போது வயது அறுபத்திரண்டு.