திமிங்கிலத்தை ‘அவ’ என்றவர்

புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வாழும் ஸ்காபரோவில், திரையரங்கு ஒன்றில் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த அந்த முதியவரின் பெயரை நான் அறியேன். குளிரங்கியைக் கழற்றாமலே இருந்தார். திரையில் அலை எழும்போதெல்லாம் நனைந்துவிடுவார்போலக் கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார். தன் குட்டியைக் கொன்றவர்களின் கப்பலைத் தாய்த் திமிங்கிலமொன்று துரத்திப் பழிவாங்கும் படம் அது. திமிங்கிலத்தின்மேல் முதல் ஈட்டி பாய்ந்ததும் அரங்கு கைதட்டியது. அவர் எழுந்து வெளியேறினார்.

படம் முடிந்து நான் வந்தபோது வாசலில் காத்து நின்றார்.

“தம்பி, அவ தப்பிட்டாவோ?”

“ஆர் அண்ணை?”

“திமிங்கிலம்தான்.”

“இல்லை அண்ணை, அதைச் சாக்காட்டிப்போட்டாங்கள்.”

“பிள்ளையைச் சாக்காட்டினவங்கள்?”

“அவங்கள் தப்பிட்டாங்கள்.”

“படத்திலையும் அப்பிடித்தானோ” என்று சொல்லிவிட்டு, பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி மெல்ல நடந்தார்.

மனிதர்க்குரிய சொல்லை விலங்குக்கு வழங்க, மகிழ்ச்சி, உயர்வு, சினம் முதலிய காரணங்களை முன்னிட்டு இலக்கணம் இடந்தருகிறது. அந்த வரிசையில் துயரம் இல்லை. ஆயினும், அவருக்கு மறுமொழி சொன்னபோது நானும் ஒருமுறை ‘அவ’ என்று சொல்லியிருக்கலாம்.