வெள்ளிக்கிழமைக்கு எண் ஆறு

ஷார்ஜாவில் ஞாயிறு ஆராதனை வெள்ளிக்கிழமை நடக்கிறது. வார லீவு அன்றைக்குத்தான் என்பதால் கர்த்தரும் சத்தம் போடாமல் மாறிக்கொண்டார். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் இதற்குச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, மேலே பரலோகக் கணக்கில் இது சேருமோ சேராதோ என்று பயந்தேன். பயப்பட எனக்கு எதுவும் போதும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் டைம் ஆபீசில், குண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்து வருகைப் பதிவு அடித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த புதுவாயல் எஸ்தர் அக்காதான் எஸ்க்யூஎல் கற்றுக்கொடுத்தார். கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணையிடம் கேள்வி கேட்கிற பாஷை அது. நான் கிழமையை விரல்விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா பண்ற? அதுக்குத்தான் உள்ளயே பங்ஷன் வெச்சிக்கிறானே. கேன்டீன்ல இட்லி ரெடியா இருக்க சொல்லோ நீயா மாவு ஆட்டிக்கினு இருக்க?" என்றார்.

டேட்பார்ட் என்ற அந்த பங்ஷன், ரெடியாக எழுதிவைத்த சின்னக் கட்டளை. அதனிடம் தேதியைக் கொடுத்தால் கிழமையை எண்ணாகத் தரும். ஞாயிறு ஒன்று, சனி ஏழு. ஒன்று வந்தால் லீவு, மற்ற நாளில் வராதவன் ஆப்சென்ட் என்று எழுதினோம்.

"தப்பா சொல்லிச்சின்னா, அக்கா?"

"உன்ன மாதிரி அதுக்கு வயித்துல புளி கரையாதுடா."

அந்த வரிகளை அப்படியே மனப்பாடமாக இங்கே கொண்டுவந்தேன். பைப் கம்பெனியில் முதலில் சோதனைக் காலம். என் முதல் மாத வருகை அறிக்கையைப் பார்த்து எகிப்துக்கார மேனேஜர் கையெழுத்துப் போட்டால் விசா நிலைக்கும். இல்லாவிட்டால் திரும்ப விமானம்தான். நீட்டினேன்.

"ஃப்ரைடே, ஆல் ஆப்சென்ட்?"

"எஸ் சார். நோபடி கேம்."

"யூ ஆல்சோ ஆப்சென்ட்!"

என் நேர்மையைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். "எஸ் சார். ஐ நோ ஹைட்," என்றேன், எதையும் மறைக்கமாட்டேன் என்ற அர்த்தத்தில். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, வெளியே போ என்று கதவைக் காட்டினார்.

ரூமில் என்னோடு தங்கியிருந்த பழவேற்காடு ரஹ்மத்துல்லா பாய் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காகிதத்தைப் பிடுங்கிப் படித்தார். "இன்னாபா இது, தொழுவப் போனா ஆப்சென்ட்டா? பள்ளிவாசல்ல மிசினு வெச்சி கார்டு தேய்க்கணுமா? ஞாயித்துக்கெழம முதுகு ஒடிய பைப்பு தூக்கிக்கிறேன், அத்தப் போய் லீவுன்றியே!"

அப்போதுதான் உறைத்தது. பங்ஷன் கிழமையைச் சரியாகத்தான் சொல்லியிருந்தது. லீவு எதுவென்று அதற்குச் சொன்ன நான்தான் இன்னும் கும்மிடிப்பூண்டியிலேயே இருந்தேன். ஒன்றுக்குப் பதில் ஆறு என்று புது வரி எழுதி, அறிக்கையை மறுபடி எடுத்தேன். மாலையில் மேனேஜர் வெள்ளிக்கிழமை வரிசையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பழைய வரியை நான் அழிக்கவில்லை. முன்னால் இரண்டு சின்னக் கோடு போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். என்றைக்காவது ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் உதவுமே என்ற பயத்தில்தான் அப்படி விட்டேன். வருஷங்கள் போய்விட்டன, யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் ஞாயிறு காலை இங்கே லாரியில் பைப் ஏற்றும்போது, ஊரில் புதுவாயல் கறிக்கடையில் கூட்டம் நிற்கும் என்று என் வயிற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. திரையில் ஆறு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே, இரண்டு கோட்டுக்குப் பின்னால், ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கிறது.