செலவுத் தொகைக்கு ஓர் அப்பீல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சீசன் முடிகிற சமயம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுப் போனவன் நான். கிடைத்த ஊரில் கிடைத்த வேலை. எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் வாயால் சொல்லிவிட்டுப் போனதாகவும், சுந்தரபாண்டியபுரத்தில் இருக்கும் அப்பாவின் வீடு முழுவதும் தனக்கே என்றும் அண்ணன் தென்காசி கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். நான்கு வருஷம் இழுத்து, அப்போதுதான் வழக்கு தள்ளுபடியானது. ஜெயித்தது நான்தான். ஆனால் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதால், தோற்றவர் எனக்குத் தர வேண்டிய வழக்குச் செலவுத் தொகை இல்லை என்று நீதிபதி கடைசி வரியில் எழுதிவிட்டார்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவன். இரண்டு இடத்தில் வேலையே போனது. அப்பீல் போடச் சொல்லி வக்கீலிடம் போய் நின்றேன். செலவு தருவதும் தராததும் நீதிபதியின் விருப்பம், அதற்காக மட்டும் மேல்கோர்ட்டுக்குப் போவது லேசில்லை, முதலில் அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும் என்றார். அண்ணன் தம்பி உறவு எப்போதோ அற்றுப்போய்விட்டது, அதைக் காரணம் காட்டியது தவறு என்று மனுவில் எழுதச் சொன்னேன்.

வக்கீலின் குமாஸ்தா அண்ணாச்சி டைப் அடித்து நீட்டினார். நான் பேனாவைத் திறந்ததும், "இருலே ஒரு நிமிசம்" என்றார். "போன வருசம் புனலூர்லேருந்து மத்தியானம் வந்து சேர்ந்தியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அப்போது எனக்குக் கேரளத்தில், புனலூரில் வேலை. செங்கோட்டைக்கு முன்னால் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது வழக்கை மதியத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். வக்கீல்தான் கேட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன்.

"நம்ம வக்கீலு அன்னைக்குத் திருநெல்வேலியில இருந்தாருல்லா. ஒம் பேர மூணு தடவ கூப்புட்டாச்சு. ஆள் இல்லன்னா கேஸ ஒங்க அண்ணன் பக்கம் ஒருதலையா முடிச்சிருவாங்க. ஒங்க அண்ணன் எந்திரிச்சு, 'வந்துகிட்டு இருக்கான் அய்யா, பஸ்ஸு லேட்டு'ங்கான். அவன் வக்கீலு சட்டையப் புடிச்சு இழுக்காரு, உக்கார மாட்டேங்கான்."

"பஸ் லேட்டுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா அடிச்சு விட்டான். வெளிய வந்து வக்கீல்ட்ட சொல்லுதான், 'வரட்டும்யா, வந்த பொறவு தோக்கட்டும்'னு."

"இத ஏன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லல?"

"கேஸு நடக்கயில சொன்னா நீ எளகிருவ. இப்பம்தான் செயிச்சாச்சே. இது பிரமாணம் பண்ணிப் போடுத கையெழுத்து. பாத்துப் போடு."

அன்றைக்கு மேலே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் தீர்ப்பு எழுதிய அதே நீதிபதிதான். மனுவை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். என் பக்கத்து வழக்குச் செலவு முழுவதும் என் தலையிலேயே விழுந்தது. சீசன் முடிந்ததும் மறுபடி புனலூருக்கே வேலைக்குப் போய்விட்டேன்.

நானும் அண்ணனும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. வீட்டை அளந்து பிரித்த அன்றும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடிதான் நின்றோம். ஆனாலும் எங்காவது என் பெயரைக் கூப்பிட்டு நான் அங்கே இல்லாமல் போனால், வந்துவிடுவான் என்று எழுந்து சொல்ல ஓர் ஆள் உண்டு என்பதை, அவர் என் மேல் போட்ட வழக்கில்தான் தெரிந்துகொண்டேன்.