மார்செய்யை நடந்தே பார்த்தேன்

எங்கள் தமிழ் ஆட்கள் நிறைய வருகிற பிளேன் இறங்கும் நேரமாகப் பார்த்து எந்த விமான நிலையத்துக்கும் போய்ப் பாருங்கள். வாசலில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். அதில் இருக்கிற அம்மாமார் எல்லோரும் நடக்க முடியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதல்நாள் கல்யாண வீட்டில் நின்ற நிலையில் வடை சுட்டவர்களும் அதற்குள் இருப்பார்கள். வீல்செயார் கேட்டால் குடிவரவு வரிசையில் நிற்கத் தேவையில்லை. தள்ளுகிறவரே வழியும் காட்டிக் கதையும் சொல்லிக் கொண்டுபோய் விடுவார். பின்னால் குடும்பம் முழுவதும் போகலாம். இதை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ தெரியாது. கனடாவில், மொன்றியலில் எனக்குத் தெரிந்த எல்லோரும் செய்கிறார்கள்.

மகளும் மருமகனும் என்னையும் அப்படித்தான் இருத்தினார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் நாலு பேருக்கு முன்னால் கதைப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. இருந்துவிட்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

போன பங்குனியில் மருமகனின் தமையன் மகளுக்குப் பாரிஸில் கல்யாணம். மகள், மருமகன், நான், மூன்று பேரும் போனோம். பாரிஸ் விமான நிலையத்தில் நாற்காலி தள்ளிய மனிதர் என்னை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு ஏதோ விசாரிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து மருமகனின் கடவுச்சீட்டு கீழே விழுந்தது. அவருக்கு நாரிப்பிடிப்பு, குனிய மாட்டார். நான் எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்த மனிதர் நான் நடக்கிறதைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது மார்செய்க்குப் போகிற ரெயிலில்.

மார்செய் பிரான்சின் தெற்குக் கரையில், மத்தியதரைக் கடலோடு ஒட்டிய பழைய துறைமுகப் பட்டினம். கல்யாணம் முடிந்து இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. ரெயிலில் மகள் சொன்னாள்:

"அம்மா, நாளைக்கு ஒரு வழிகாட்டியோட நடந்து பாக்கிற ரூர் இருக்கு. எங்கள் ரெண்டு பேருக்கும்தான் பதிஞ்சிருக்கிறன். நீங்கள் துறைமுகத்தடியில ஒரு கஃபேயில வடிவா இருங்கோ. பைகளும் உங்களிட்டையே இருக்கட்டும்."

"ஏன், நானும் வாறன்."

"உங்களுக்கு ஏலாதம்மா. எல்லாம் மேடும் படியும்."

"ஆர் சொன்னது ஏலாதெண்டு?"

"வீல்செயாரில வந்த ஆள் கேக்கிற கேள்வியே இது?"

"அது நீங்கள் லைன் வெட்டிறதுக்கு இருத்தின வீல்செயாரெல்லோ?"

மருமகன் யன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். மகள் சிரிக்கவில்லை.

"சும்மா கதைக்காதேங்கோ. உங்களுக்கும் வயசு போகுது. உங்கட பார்க் எக்ஸ்டென்ஷன் வாடகை வீட்டை விடுவம். மூண்டாம் மாடியில தனிய என்ன செய்யிறீங்கள்? பங்குனி முடியிறதுக்குள்ள வீட்டுக்காரருக்குச் சொன்னால்தான் ஆடியில விடலாம். லாசாலில எங்கட வீட்டுக் கீழறையைத் திருத்தி வச்சிருக்கிறம். பாத்ரூமும் தனிய இருக்கு."

என் கணவர் போனபிறகும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். பத்துக் கிலோ அரிசிப் பையை மாடிக்கு மாடி இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, ஏற்றிவிடுவேன். கீழே இறங்கினால் மரக்கறிக் கடை, மருந்துக் கடை, மெட்ரோ. மனம் வந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுவேன், யாரிடமும் கேட்பதில்லை. மகளின் வீடு பெரிய வீடுதான். ஆனால் லாசாலில் உப்பு முடிந்தாலும் யாராவது கார்த் திறப்பை எடுத்துக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அவர்கள் சும்மா கேட்ட நாற்காலியை அவர்களே நம்பிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாளைக்கு அந்தக் கஃபேயில் பைகளோடு பையாக இருந்தேனென்றால் என் வீடு போய்விடும். இரவு படுக்கும்போதே முடிவு எடுத்துவிட்டேன்.

காலையில் துறைமுகத்தடியில் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. என்னை ஒரு மேசையில் இருத்தி, கோப்பி சொல்லி, மூன்று பைகளையும் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்சத் தூரத்தில் வழிகாட்டி மடித்த சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது இருக்கும். மீன்காரப் பெண்களையும் மிஞ்சின குரல்.

கோப்பியை அப்படியே விட்டு எழும்பினேன். மகளின் பையை மகளின் தோளிலும் மருமகனின் பையை அவர் கையிலும் கொடுத்தேன். என் பையை நான் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு நின்றேன்.

வழிகாட்டி தலைகளை எண்ணினாள். ஒரு தலை கூடுதலாக இருந்தது. மகள் அவசர அவசரமாகப் பிரெஞ்சில், என் அம்மாவால் நடக்க முடியாது, அவர் இங்கேயே இருப்பார் என்றாள். எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம்தான். ஆனால் அந்த வசனம் விளங்கும். நான் வாய் திறந்தேன்.

"ஜ மார்ஷ்."

நான் நடக்கிறேன், அவ்வளவுதான் சொன்னது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. வழிகாட்டி என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். நான் போட்டிருந்தது மொன்றியல் பனிச் சப்பாத்து. பிறகு மகளின் காலைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு வாங்கின குதி உயர்ந்த சப்பாத்து. "இதில் யார் நடக்க மாட்டாதவர்?" என்று அவள் கேட்க, கூட்டம் சிரித்தது. கனடா என்று அறிந்ததும், அப்படியென்றால் இந்தக் காற்று உங்களுக்கு விசிறிதானே என்று சொல்லிக் குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

துறைமுகத்துக்குப் பின்னால் ஏறுகிற ஒழுங்கைகள். படி, திரும்ப ஒரு மேடு, திரும்பப் படி. இந்தப் பக்க யன்னலுக்கும் அந்தப் பக்க யன்னலுக்கும் இடையில் உடுப்புக் காய்ந்தது. நான் குடையை விடாமல் முன்னால் போனேன். பின்னாலிருந்து மகளின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. "அம்மா மெதுவா! அம்மா படி! விழப்போறீங்களம்மா!" கூட்டத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை.

ஓரிடத்தில் பெரிய கல் மண்டபம். நடுவில் முற்றமும் சிறிய கோயிலும், சுற்றிவர மூன்று மாடிக்கு வளைவு வளைவாகத் தாழ்வாரம். வழிகாட்டி சொன்னதை மருமகன் எனக்குத் தமிழில் சொன்னார்: முந்தைய காலத்தில் ஊரிலிருந்த ஏழைகளையும் பிச்சைக்காரர்களையும் பிடித்துவந்து இதற்குள் அடைத்தார்களாம். அவர்களின் நன்மைக்காக என்று சொல்லித்தானாம்.

"என்ன வடிவான இடம்!" என்றாள் மகள், படம் எடுத்தபடி.

"ஓம். பாத்ரூமும் தனிய இருந்திருக்கும்," என்றேன்.

மருமகனுக்கு இருமல் வந்தது. மகள் என்னை முறைத்தாள்.

கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாய்க் கல் வைத்துக் கட்டின பெரிய தேவாலயத்தோடு ரூர் முடிந்தது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு கோயில், கோபுரத்தில் பொன் நிறத்தில் பிள்ளையை ஏந்தின மாதா. கடலுக்குப் போகிறவர்களுக்கு அவள்தான் காவல் என்று வழிகாட்டி சொன்னாள். போக விரும்புகிறவர்களுக்குப் பஸ் இருக்கிறது, நடந்து போகவும் பாதை இருக்கிறது என்றாள்.

"மாமி, பஸ் மேல வாசல் வரைக்கும் போகுதாம்," என்றார் மருமகன்.

"நல்லது தம்பி. நீங்கள் பஸ்ஸில வாங்கோ. நான் நடந்து வாறன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தன் சப்பாத்தைப் பார்த்தாள். "இவவைத் தனிய விடேலாது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

அந்த ஏற்றம் லேசாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முழங்கால் அழுதது. நெஞ்சு இடித்தது. கடலைப் பார்க்கிறவள் போல மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் ஏறினேன். பாதி வழியில் மகள் ஒரு படியில் இருந்துவிட்டாள். சப்பாத்தைக் கழற்றினாள். குதிக்காலில் கொப்புளம்.

"எனக்கு ஏலாதம்மா."

"அப்ப உனக்கும் ஒரு வீல்செயார் சொல்லுவம்."

"விளையாடாதேங்கோ." அவளுடைய குரல் மாறிவிட்டது. "எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருநாள் நான் ஃபோன் எடுக்க, நீங்கள் தூக்காட்டி? பனியில விழுந்து கிடந்தா?"

"லாசாலில விழுந்தாலும் விழுகைதான் பிள்ளை."

"அங்க நாங்கள் இருப்பமெல்லோ."

"காலமை போனால் இருட்டினாப் பிறகு வாறனீங்கள். அங்க பகல் முழுக்க இருக்கப்போறது நானும் ஃபிரிஜ்ஜும்தான்."

அவள் கொப்புளத்தை ஊதினாள். "நீங்கள் எப்ப தொடக்கம் இப்பிடிக் கதைக்கிறீங்கள்?" என்றாள்.

"தெரியாது. எழும்பு. குளிருது."

அவளுக்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் அன்பில் வந்தது என்பதும் தெரியும். அதற்காக என் கால்களை அவளிடம் எழுதிக் கொடுக்க முடியாது. அவள் என் கையைப் பிடித்தாள். யார் யாரை இழுத்தது என்று சொல்ல முடியாது. மேலே மருமகன் பஸ்ஸில் வந்து குளிரில் விறைத்துப்போய் நின்றார். "மாமி, எப்பிடி?" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. ஏறி வந்த பாதையைக் கையால் காட்டினேன்.

திரும்பும்போது மொன்றியல் விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். வளைந்து வளைந்து போகிற வரிசை. மருமகன் ஏக்கத்தோடு இரண்டு மூன்று தரம் என்னைப் பார்த்தார்.

பங்குனி முடிகிற வாரம் மகள் ஃபோன் எடுத்தாள். "அம்மா, வீட்டுக்காரருக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா? லைனில நிக்கிறீங்களோ?" "ஓம்," என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு என்ன சமையல் என்று கேட்டாள்.

கியூபெக்கில் ஒரு சட்டம் இருக்கிறது. வாடகைக்கு இருக்கிறவர் விடப்போகிறேன் என்று சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே நீளும். பேசாமல் இருந்தால் இருக்கிறேன் என்று பொருள். பேசாமல் இருப்பதில் என்னை வெல்ல இந்த நகரத்தில் ஆள் இல்லை.